ஐந்து வோல்ட்டுக்குள் ஒளியைத் திருப்பியவருக்கு

மின்னணுவியல் துறைப் பேராசிரியை, ஒளியியல் ஆய்வறையின் உயிர்நாடி, முனைவர் ஞா. ராஜபாய் அவர்களின் பணி நிறைவு நாளில், உடன் பணிபுரிந்தோர் உவந்தளிக்கும் மடல்.

ஒளிக்கு வழி வகுத்த பெருமாட்டியே! குறைந்த வோல்ட்டில் நிறைந்த வேலை வாங்கிய வித்தகரே! பென்சிலைப் பேனாவாக்கப் பொறுமை காத்தவரே! பொய்யான எண்ணைக் கண்டால் புருவம் உயர்த்தியும், மெய்யான எண்ணைக் கண்டால் மௌனமாகப் புன்னகைத்தும், இருபத்தொன்பது ஆண்டுகள் எங்களை ஆட்டி வைத்த அன்பரே! வணக்கம்.

இந்த மேடையில் உங்களுக்குச் சால்வை விழுந்துவிட்டது. மாலையும் விழுந்துவிட்டது. இப்போது மடல். வழக்கமாக இவ்விடத்தில் உங்கள் பண்புகளை வரிசையாக அடுக்க வேண்டும். அடுக்கினால் நீங்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். எனவே ஒரு குற்ற ஒப்புதலோடு தொடங்குகிறோம். கடந்த மூன்று நாட்களாக உங்களிடம் ஓர் உண்மையை மறைத்து வருகிறோம். அதை இந்த மடல் முடிவதற்குள் சொல்லிவிடுவோம். அதுவரை, அருள்கூர்ந்து, நாற்காலியை விட்டு எழாதீர்கள்.

குலசேகரத்து ரப்பர்க் காட்டோரம் பிறந்து, தந்தை உலர்த்திய ரப்பர் ஷீட்டுகளுக்கு நடுவே பாடம் படித்து, 1985 ஜூலையில் கடல் கண்ணுக்குத் தெரியும் இந்தக் கல்லூரிக்கு விரிவுரையாளராக வந்தீர்கள். வந்த அன்றே கையில் ஒரு பென்சில். காதோரம் இன்னொன்று. ஆய்வறைப் பதிவேட்டுக்கு நீங்கள் இட்ட சட்டம் ஒன்றே ஒன்று: ஒரே எண் மூன்று நாள் அசையாமல் நின்றால்தான் பேனா, அதுவரை பென்சில். மூன்றாம் நாள் எண் நழுவினால் ரப்பரை எடுத்து நீங்களே அழிப்பீர்கள். அழித்த தூளை ஊதிவிட்டு, "செரி, நாளைக்குப் பாப்போம்" என்பீர்கள். அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை மாலைகள் நாங்கள் பல்லைக் கடித்திருக்கிறோம் என்பது எங்கள் வீட்டாருக்குத் தெரியும்.

2009இல் தில்லியிலிருந்து ஆய்வு நிதி வந்தது. வேலை இதுதான்: கண்ணாடி இழைகளில் ஓடி வரும் ஒளியை, இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கண்ணிமைக்கும் நேரத்தில் பிரித்தனுப்பும் ஸ்விட்ச் ஒன்றை, விரல் நீளப் படிகச் சில்லு ஒன்றின்மேல் வடிக்க வேண்டும். உங்களைப் பார்க்க வந்த செய்தியாளர் ஒருவர் புரியாமல் விழித்தபோது நீங்கள் சொன்ன விளக்கத்தை விட நல்ல விளக்கம் எங்களிடம் இன்றும் இல்லை.

"பேச்சிப்பாறைத் தண்ணி வாய்க்கால்ல வருது. மடையத் திருப்புனா ஒங்க வயலுக்கு, திருப்பலன்னா எனக்கு. இங்க தண்ணிக்குப் பதிலா வெளிச்சம். மண்வெட்டிக்குப் பதிலா வோல்ட். அவ்வளவுதான், கேட்டேளா?"

அவ்வளவுதான் என்றீர்கள். ஆனால் அந்த மடைக்குள் ஒரு மல்லுக்கட்டு ஒளிந்திருந்தது. ஒளிப்பாதையின் ஓரத்தில் ஓடும் தங்கப் பட்டையை நீளமாக்கினால் வோல்ட் குறையும், வேகம் செத்துவிடும். குட்டையாக்கினால் வேகம் பறக்கும், வோல்ட் தலைக்கேறும். நிதி தந்த குழு கேட்டதோ இரண்டையும்! ஐந்து வோல்ட்டுக்குக் கீழே இருக்க வேண்டும்; ஒரு நொடியை நூறு கோடித் துண்டாக வெட்டினால் அதில் ஒரு துண்டு நேரத்தில் ஒளி திரும்ப வேண்டும். தங்கப் பட்டைக்கும் படிகத்துக்கும் நடுவே மெல்லிய கண்ணாடிப் படலம் ஒன்றை விரித்து, அதன் கனத்தை மயிரிழை மயிரிழையாக மாற்றி, மேலே ஓடும் மின் அலையும் கீழே ஓடும் ஒளியும் ஒரே வேகத்தில் கைகோத்து ஓடச் செய்தீர்கள். 2012 ஆகஸ்டில் எண் வந்தது. நாலு புள்ளி மூன்று வோல்ட்!

அறையே துள்ளியது. உங்கள் கை மட்டும் காதோரத்துப் பென்சிலைத் தேடியது.

தேடியது சரியாகப் போயிற்று. ஸ்விட்ச் மூன்று மணி நேரம் சிலைபோல் நின்றது. நாலாவது மணியில் மெல்ல நழுவத் தொடங்கியது. நாம் போட்ட வோல்ட் அப்படியே இருக்க, ஒளி மட்டும் தானாக அடுத்த பாதைக்குக் கசிந்தது. அதைப் பிடித்து நிறுத்த ஏழு வோல்ட் வேண்டியிருந்தது, மாலைக்குள் பதினொன்று. மறுநாள் காலை பார்த்தால் ஒன்றும் அறியாத பிள்ளைபோல் மறுபடியும் நாலு புள்ளி மூன்று! காரணம் தெரியவில்லை. மதிப்பாய்வுக் குழு வர இருந்ததோ செப்டம்பர் பதினான்கு. குழு தலையசைக்காவிட்டால் நிதி நிற்கும், கருவிகள் வண்டியேறி வேறு ஊர் போகும், ஆராய்ச்சி மாணவி ஷெர்லியின் உதவித்தொகையும் மூன்றாண்டு உழைப்பும் அந்த வண்டியிலேயே ஏறும், அறைக்குப் பூட்டு.

அந்த வாரம் துறைத் தலைவர் நாராயணபெருமாள் உங்களிடம் வந்து சொன்னதை, அவரது ஒப்புதலோடே இங்கே பதிகிறோம். கீழே கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர்.

"மேடம், குழு பத்தரைக்கு வாறாங்க. பன்னெண்டரைக்குச் சாப்பாடு. நம்ம சில்லு மூணு மணி நேரம் அசையாது. பத்து மணிக்கு ஆன் பண்ணுனா போதும். ஒரு பொய்யும் சொல்லாண்டாம்."

"பொய் சொல்லாண்டாம், செரி சார். நேரத்தச் சொல்லணுமே?"

"அத ஆரு கேக்கப் போறா?"

நீங்கள் பதில் சொல்லவில்லை. சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டார். நாங்களும் எடுத்துக்கொண்டோம். எங்களில் ஒருவரும் அதைத் தவறென்று சொல்லவில்லை என்பதையும் இங்கே எழுதி வைக்கிறோம்.

செப்டம்பர் பதினான்கு. காலை ஆறரை. ஆய்வறைக் கதவில் சாவி திரும்பும் சத்தம். தொழில்நுட்ப உதவியாளர் மரியஜான் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓடி வந்தார். அதற்குள் நீங்கள் ஸ்விட்சை ஓட விட்டிருந்தீர்கள்.

"டீச்சரே! பத்து மணிக்குல்லா சொன்னாவ?"

"என் வாச்சு கொஞ்சம் வேகமா ஓடுது மரியஜான்."

பத்தரைக்குக் குழு வந்தது. திரையில் ஒளி அதற்குள் வழி தவறத் தொடங்கியிருந்தது. கீழ்ப்பாதையில் முழுதாக நிற்க வேண்டிய வெளிச்சம் மேல்பாதையில் மினுமினுத்தது. நாராயணபெருமாளின் முகத்தில் ரத்தமில்லை. ஷெர்லி சுவரைப் பார்த்து நின்றாள். குழுவின் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எத்தனை மணிக்கு ஆன் செஞ்சீங்க?"

"ஆறரைக்கு சார்."

"பத்து மணிக்குப் போட்டிருந்தா இது எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காதே அம்மா."

"அதனாலதான் சார் ஆறரைக்குப் போட்டேன்."

குழுத் தலைவர் பதிவேட்டைப் புரட்டினார். நாலு புள்ளி மூன்று என்ற எண்ணின்மேல் விரலை வைத்தார். "இது மட்டும் ஏன் பென்சில்ல இருக்கு?"

"இன்னும் மூணு நாள் நிக்கல சார். நின்னா பேனா."

அவர் சிரிக்கவில்லை. பாராட்டவும் இல்லை. போகும்போது வாசலில் நின்று ஒரே வரி சொன்னார்: "நாற்பத்தைந்து நாள் தர்றோம். பேனாவால எழுதி அனுப்புங்க. இல்லேன்னா வண்டி வரும்."

நெஞ்சுரம் மிக்கவரே! நிமிர்ந்த நடையினரே! அந்த நாற்பத்தைந்தில் முதல் இருபத்தெட்டு நாட்கள் வெறுங்கையாகப் போயின. லேசரை மாற்றினோம். தங்கத்தை மாற்றினோம். படிகத் தகட்டையே மாற்றினோம். ஒவ்வொரு சில்லும் மூன்று மணி நேரம் சிரித்துவிட்டு நாலாவது மணியில் காலை வாரியது. எதிரி யார்? எங்கே ஒளிந்திருக்கிறான்? ஒரு தடயம் இல்லை.

இருபத்தொன்பதாம் நாள். தூசி இல்லா அறைக்குள் நுழைய ஷெர்லி வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு கையிலும் தட்டு. அங்கியின் கழுத்து நாடாவைப் பல்லால் கவ்விப் பிடித்திருந்தாள். நீங்கள் பார்த்துவிட்டீர்கள்.

"ஏட்டி ஷெர்லி! நாடாவ வாயில வைக்காதன்னு ஒனக்கு எத்தன வாட்டி சொல்லியாச்சு?"

"ரெண்டு கையிலயும் சாமான் இருக்கே மேடம்... தூ! உப்புக் கரிக்கு!"

மரியஜான் விடுவாரா? "ஒங்க வேர்வைய நீங்களே ருசி பாக்குதியளா?"

"சும்மா இரும் அண்ணே! நேத்துத் தொவச்சது. இன்னும் போடவே இல்ல!"

நீங்கள் திட்டத் திறந்த வாய் திறந்தபடியே நின்றது. இரண்டடி முன்னே வந்தீர்கள். ஆணியில் தொங்கிய இன்னொரு அங்கியை எடுத்தீர்கள். எந்தச் செயலுக்காக எங்களை இருபது ஆண்டுகள் திட்டினீர்களோ, அதே செயலை, எங்கள் எல்லோர் கண்ணெதிரே செய்தீர்கள். நாடாவை நாக்கில் வைத்தீர்கள்!

"மரியஜான். இத எங்க காய வச்சிய?"

"மொட்டமாடியில டீச்சரே. கொடியில."

"குடுவைகள?"

மரியஜானின் கை மெதுவாக மேலே, கூரையைக் காட்டியது.

அந்த ஆண்டு மின்வெட்டு எப்படி ஆட்டிப் படைத்தது என்று இந்த அரங்கில் உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜூலையிலிருந்து உலர்த்தும் அடுப்புக்குக் கரண்ட் இல்லை. மாடியில் கொடி கட்டி அங்கிகளையும், அதன் கீழே பலகை போட்டுக் கண்ணாடிப் படலம் செய்யப் பயன்படும், கழுவிய குவார்ட்ஸ் குடுவைகளையும் காயவைத்தோம். கடல் இரண்டு கிலோமீட்டர். இராஜாக்கமங்கலம் பக்கமிருந்து அடிக்கும் காற்று நேராக அந்த மாடியில்தான் ஏறும். அந்தக் காற்றின் உப்பு குடுவையில் படிந்து, குடுவையிலிருந்து கண்ணாடிப் படலத்துக்குள் புகுந்து, வோல்ட் ஏறி மூன்று மணி நேரம் கழித்து மெல்ல ஊர்ந்து நகர்ந்து, நாம் போட்ட வோல்ட்டைத் தின்றுகொண்டிருந்தது. ஏசிக்குள் தேடிய எதிரி எங்கள் தலைக்குமேல் கொடியில் ஆடிக்கொண்டிருந்தான்!

மரியஜான் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "கடக்கரையில பொறந்தவன் டீச்சரே நான். செயினு துருப்பிடிக்குமேன்னு சனிக்கெழம தோறும் சைக்கிளுக்குத் தேங்காண்ண போடுதேன். அதே காத்துல இதையும் காய வச்சிருக்கேனே!"

"நீரு சும்மா இரும். கொடி கட்டச் சொன்னது ஆரு? நான். எங்க வீட்டுல ரப்பர் ஷீட்ட அப்பிடித்தான் காயப் போடுவோம். காத்துன்னா எல்லா ஊரு காத்தும் ஒண்ணுன்னு நெனச்சேன்."

சொல்லிவிட்டு நேரே பதிவேட்டுக்குப் போனீர்கள். பென்சிலைத் தொடவில்லை. பேனாவைத் திறந்து எழுதினீர்கள்: 'பிழை: மொட்டைமாடிக் கொடி. கட்டச் சொன்னவர்: ராஜபாய்.' மூன்று நாள் காத்திருக்காமல் அந்தப் பதிவேட்டில் நீங்கள் பேனாவால் எழுதிய ஒரே வரி அதுதான். இன்றும் இருக்கிறது. ஆய்வறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நாங்கள் முதலில் காட்டும் பக்கமும் அதுவே.

பிறகு நடந்தது ஓட்டம். இரண்டு சில்லுகள் செய்தோம். ஒன்றுக்கு மாடியில் காய்ந்த குடுவை. ஒன்றுக்கு அறைக்குள் மூடி உலர்த்திய குடுவை. மற்றதெல்லாம் ஒன்றே. இடையில் கரண்ட் போனால் சோதனை பாழ் என்பதால், மரியஜான் தம் மைத்துனரின் படகிலிருந்து இரண்டு பேட்டரிகளைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தார். மாடிச் சில்லு நாலாவது மணியில் வழக்கம்போல் விழுந்தது. அறைச் சில்லு நின்றது. ஒரு நாள் நின்றது. இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் பிற்பகல் அதே நாலு புள்ளி மூன்றைப் பார்த்துவிட்டு நீங்கள் ஷெர்லியிடம் பேனாவை நீட்டினீர்கள். நாற்பத்து நான்காம் நாள் அறிக்கை தில்லிக்குப் போனது. வண்டி வரவில்லை. நிதிதான் வந்தது. அடுத்த ஆண்டே ஷெர்லி முனைவர் பட்டம் பெற்று, இதே துறையில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தாள்.

பேரன்பு கொண்டவரே! இனி இந்த ஆண்டின் கதைக்கு வருகிறோம். மார்ச் மாதம் நிர்வாகம் ஒரு கேள்வி கேட்டது. 'ராஜபாய் அவர்கள் ஓய்வு பெற்ற பிறகு அந்த அறை ஓடுமா? அவர் கைபடாமல் ஒரு சில்லாவது செய்து காட்டுங்கள். முடியாதென்றால் ஜூன் முதல் தேதி அறையை வேறு துறைக்குக் கொடுத்துவிடுவோம்.' நியாயமான கேள்விதான். உங்களுக்கு அது உறுத்தியது என்பதும் எங்களுக்குத் தெரியும். விடுப்பில் போகும் முன் ஷெர்லியிடம் நீங்கள் கேட்டது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது:

"நான் போன பெறவு அந்தப் பென்சில ஆரு சீவுவா மக்கா?"

பதில் சொல்ல அன்றைக்கு ஷெர்லியிடம் எண் இல்லை.

இரண்டாண்டுக்கு முன் அவள் ஒரு யோசனை சொன்னாள். நினைவிருக்கிறதா? ஒளிப்பாதையின் இரு ஓரமும் படிகத்தைச் செதுக்கி, பாதையை வயல் வரப்புபோல் உயர்த்திவிட்டால் மின்சாரம் இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும், வோல்ட் இறங்கும் என்றாள். "வேண்டாம், தகடு ஒடையும்" என்று மறுத்தீர்கள். உடைந்தது உண்மைதான். ஏப்ரலில் ஆறு தகடு உடைந்தது. மே மாதம் மேலும் மூன்று. பத்தாவது உடையவில்லை. அது உங்கள் கை படாத சில்லு. உங்கள் பேச்சைக் கேட்காத சில்லு! கடந்த புதன்கிழமை காலை பதினொன்றே காலுக்கு அதற்கு வோல்ட் ஏற்றினோம். ஓர் எண் வந்தது. பென்சிலால் எழுதினோம். உங்களுக்குச் சொல்லவில்லை. இதுதான் நாங்கள் மறைத்த உண்மை.

இன்னும் சிறிது மறைத்திருக்கிறோம். ஷெர்லி பிடித்திருக்கும் இந்த ஒலிவாங்கியிலிருந்து புறப்படும் குரல் நேரே இந்த ஒலிபெருக்கிக்கு வரவில்லை. ஒளியாக மாறி, மரியஜான் தென்னைக்குத் தென்னை கட்டிய கண்ணாடி இழையில் ஓடி, ஆய்வறைக்குப் போய், அந்தச் சில்லின் வரப்பில் திரும்பி, மறுபடி இந்த அரங்குக்கு வந்து, ஒலியாகி உங்கள் காதில் விழுகிறது. சில்லு நழுவினால் ஒளி அடுத்த பாதைக்குப் போய்விடும், ஒலிபெருக்கி ஊமையாகிவிடும். இந்த வரியை எழுதும் வெள்ளிக்கிழமை மாலையில் இரண்டு நாளும் ஆறு மணி நேரமும் முடிந்திருக்கின்றன. நாளை என்னவாகும் என்று எங்களுக்குத் தெரியாது. இடையில் குரல் நின்றால் ஷெர்லி ஒலிவாங்கியை வைத்துவிட்டு, சொந்தத் தொண்டையில் உரக்க வாசிப்பாள். நாங்களும் ரப்பரை எடுத்து அந்த எண்ணை உங்கள் முன்னாலேயே அழிப்போம். "செரி, நாளைக்குப் பாப்போம்" என்று சொல்லவும் செய்வோம். பத்து மணிக்கு ஆன் செய்து உங்களை ஏமாற்றும் எண்ணம் இம்முறை எங்களில் எவருக்கும், துறைத் தலைவர் உட்பட, வரவில்லை.

இந்த வரி ஒலிபெருக்கியில் கேட்கிறதென்றால், அருள்கூர்ந்து உங்கள் முன்னிருக்கும் மேசை விரிப்பை விலக்கிப் பாருங்கள். அடியில் அந்தச் சில்லின் வோல்ட்டைக் காட்டும் மீட்டர் இருக்கிறது. பக்கத்தில் ஒரு கடிகாரம். கடிகாரம் பதினொன்றே காலைத் தாண்டும்வரை ஷெர்லி அடுத்த வரியை வாசிக்க மாட்டாள்.

நன்றி. மூன்று நாள் நிறைந்தது.

எங்கள் இனியவரே! குலசேகரத்து நிழலில் உங்கள் உடல் நலம் தழைக்கட்டும். காலை நடை நீளட்டும். மூட்டு வலி குறையட்டும். பேரப்பிள்ளைகள் உங்கள் பென்சில்களைக் கடித்துத் துப்பட்டும். நூறு ஆண்டு என்று வாழ்த்தினால், நின்று காட்டினால்தான் பேனா என்பீர்கள். நின்று காட்டுங்கள், நாங்கள் பென்சிலோடு காத்திருக்கிறோம். மாதம் ஒரு முறையாவது அறிவிக்காமல் ஆய்வறைக்கு வாருங்கள். அறை இருக்கும்.

கடைசியாக ஒன்று. இந்த மடலை இன்னும் சட்டமிடவில்லை. கண்ணாடி தனியே இருக்கிறது. கீழே நாங்கள் எல்லோரும் பேனாவால் கையெழுத்திட்டிருக்கிறோம். அதற்கு மேலே, நடுவில், ஓர் எண் மட்டும் பென்சிலில் நிற்கிறது: 2.9 வோல்ட். ஷெர்லி இப்போது மேடையில் உங்களை நோக்கி வருகிறாள். கையில் பேனா இருக்கிறது. இம்முறை அதை உங்களிடம் தரமாட்டாள். மீட்டரைப் பார்த்துவிட்டு நீங்கள் தலையை மட்டும் அசையுங்கள், எழுதப்போவது அவள்.

என்றும் உங்கள் கண்டிப்பை நினைந்து,
துறைத் தலைவர் நாராயணபெருமாள், ஷெர்லி, மரியஜான்
மற்றும் மின்னணுவியல் துறையின் ஆசிரியர், அலுவலர் அனைவரும்

31 மே 2014, சனிக்கிழமை
கல்லூரிக் கலையரங்கம், கன்னியாகுமரி மாவட்டம்